பாதியில் இருக்கும் புத்தகம்

வேதாரண்யத்திலிருந்து அகத்தியம்பள்ளி உப்பளங்களைக் கடந்து தெற்கே போகும் பேருந்தின் பலகையில் ‘கோடியக்கரை’ என்று எழுதியிருக்கும். நடத்துநரிடம் “கோடிக்கரைக்கு ரெண்டு” என்று கேட்பவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர். கல்கி தம் நாவலில் எழுதிய பெயர் கோடிக்கரை. அந்த ஓர் எழுத்துக் குறைவு வாசகரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இறங்கியதும் அவர்கள் தேடும் இடங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். குழகர் கோயில், கலங்கரை விளக்கம், நாவலில் வந்தியத்தேவன் சிக்கிக்கொண்ட சேற்றுப் பள்ளம், பூங்குழலி படகைத் தள்ளிய கரை. இவற்றில் குழகர் கோயில் உண்மையிலேயே பழையது. இந்தக் கடலோரக் காட்டில் துணையில்லாமல் ஏன் தனித்திருக்கிறாய் என்று சுந்தரர் இறைவனைக் கேட்ட தலம் அது. பூங்குழலியோ முழுக்கக் கல்கியின் கற்பனை. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, அதில் மேயும் வெளிமான்கள், பனிக்காலத்தில் சதுப்பில் வந்திறங்கும் பூநாரைகள், 2002இல் கிடைத்த ராம்சர் ஈரநிலத் தகுதி என்று ஊருக்குச் சொந்தப் பெருமைகள் பல உண்டு. ஆனாலும் இல்லாத ஓடக்காரப் பெண்ணைத் தேடி வருகிறவர்கள் குறையவில்லை.

இந்தப் புத்தகம் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று அவர்களைக் கேட்டால், மதிப்புரை படித்துவிட்டு வாங்கினேன் என்பவர் அரிது. அத்தை கொடுத்தார், பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்தார், விடுதி அறைத் தோழி கொடுத்தாள் என்றுதான் பதில் வரும். கொடுத்தவரும் பெரும்பாலும் நாவலை முடித்திருக்க மாட்டார். “நான் ரெண்டாம் பாகத்துல இருக்கேன், முதல் பாகத்த நீ எடுத்துக்க.” தமிழ் வீடுகளில் ஐந்து பாக நாவல் பரவிய வழியை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம்.

ஒரு நூலைப் பிறருக்குச் சொல்வதில் இரண்டு நிலைகள் உண்டு. படித்து முடித்து, எடைபோட்டு, நல்லது என்று சொல்வது ஒன்று. இன்னும் உள்ளே இருக்கும்போதே, தனியாக இருக்க முடியாமல் இன்னொருவரையும் இழுத்துக்கொள்வது மற்றொன்று. முதலாவதை விமர்சனம் என்கிறோம். இரண்டாவதற்குத் தமிழில் தனிப் பெயர் இல்லை. ஆனால் காவிரிப் படுகையின் கடந்த ஒன்றரை நூற்றாண்டு வாசிப்பு வரலாற்றைப் புரட்டினால், திருப்பங்களை உண்டாக்கியது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

ஒரு வியாழக்கிழமை

கும்பகோணத்தில் 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. அரசினர் கல்லூரியில் அந்த ஆண்டுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த 25 வயது உ.வே. சாமிநாதையர், ஊருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் சொல்வதற்கா பஞ்சம்? அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் அசைவில்லை. இதனால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். சாமிநாதையர் அவற்றைக் கண்ணால் கண்டதில்லை.

இதுவரை உள்ள கதை பள்ளிப் பாடங்களில் வந்து பழகியது. பிறகு நடந்ததுதான் இங்கே முக்கியம். படியுங்கள் என்று சொல்லிவிட்டு முதலியார் எழுந்து போயிருக்கலாம். அவருக்கிருந்த பதவிக்கு அது போதும். அவர் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல், தானும் சேர்ந்து படிக்க உட்கார்ந்தார். அவருக்கே அந்தக் காவியம் முழுக்க விளங்கியிருக்கவில்லை. விளக்கிச் சொல்ல ஒரு தமிழறிஞர் தேவைப்பட்டார். புத்தகத்தைப் பரிந்துரைத்தவர் அந்தப் புத்தகத்தின் முதல் மாணவராகவும் இருந்தார் என்பது தமிழ் இலக்கிய வரலாற்றின் சுவையான முரண்.

படிக்கப் படிக்கச் சிக்கல். நச்சினார்க்கினியர் உரையில் சமணக் குறியீடுகள் திரும்பத் திரும்ப வந்தன. சைவ மடத்தில் பயின்ற ஐயருக்கு அவை பிடிபடவில்லை. விசாரித்ததில், கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்வது தெரிந்து ஒரு வீட்டுக்குப் போனார். வாசலில் மாவிலைத் தோரணம், கோலம். என்ன விசேஷம் என்று கேட்டார். ஆறு மாதமாக அங்கே சிந்தாமணி படித்து வந்ததாகவும் அன்றுதான் நிறைவு என்றும் சொன்னார்கள். தமிழ்ப் புலவர் உலகம் மறந்துவிட்டதாக ஐயர் நினைத்த நூலை, சில தெருக்கள் தள்ளி ஒரு குடும்பமும் சுற்றத்தாரும் பாதி ஆண்டாகக் கூடி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. சங்க இலக்கிய மீட்பைப் பேசும்போது ஓலைச்சுவடிகளையும் அச்சகத்தையும் பேசுகிறோம். அதற்கு முன் இருந்தது, பாதி படித்து நின்றுவிட்ட ஒரு முன்சீப்பின் தவிப்பு.

காதால் படித்த ஊர்

கும்பகோணத்துச் சமணர் வீட்டில் நடந்தது புதுமையில்லை. படுகையின் திரௌபதியம்மன் கோயில்களில் வில்லிபாரதம் நாள்கணக்கில் படித்துப் பொருள் சொல்லப்பட்டது. நாவல் வந்த பிறகும் பழக்கம் உடனே மாறிவிடவில்லை. காலனியக் காலத் தமிழ் வாசிப்பை ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதி, ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கூடிக் கேட்கும் முறையிலிருந்து தனியே மௌனமாகப் படிக்கும் முறைக்குத் தமிழர் நகர்ந்ததை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த நகர்வு ஒரே நாளில் நடக்கவில்லை. எல்லார் வீட்டிலும் ஒரே வேகத்தில் நடக்கவும் இல்லை.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஒரு புத்தகம் ஊருக்குள் வந்தால், படிக்கத் தெரிந்த ஒருவர் தெரியாத ஒன்பது பேருக்கும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அதே 1931இன் அக்டோபர் மாதத்தில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து புத்தகங்கள் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று புறப்பட்டது. ஊர்ப் பெரியவர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை ஏற்பாடு செய்த அந்த வண்டியை இந்தியாவின் முதல் நடமாடும் நூலகம் என்று நூலகத் துறையினர் குறிப்பிடுகிறார்கள். பின்னணியில் இருந்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகவியலின் ஐந்து விதிகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் ஒன்று உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் ஒருவர் உண்டு என்பது அந்த விதிகளில் இரண்டின் சாரம். கேட்க எளிமை. ஆனால் வாசகர் நூலகத்தைத் தேடி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நூல்தான் அவரைத் தேடிப் போக வேண்டும் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. நெல் மூட்டை போகும் வண்டிப்பாதையில் புத்தகம் போனது அந்தப் பொருளில்தான்.

அந்த வண்டிக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. தஞ்சைப் பகுதியில் புத்தகம் கைமாறியது பெரும்பாலும் தெருவுக்குள்தான். அக்ரகாரத்துத் திண்ணையில் சுற்றிய இதழ் அங்கிருந்து குடியானத் தெருவுக்கு வருவதே அரிது; சேரிக்குப் போவது அதைவிட அரிது. தெரிந்தவர் தெரிந்தவருக்குக் கொடுக்கும் வழக்கத்தின் அன்பைப் பேசும்போது, யார் யாருக்குத் தெரிந்தவராக இருக்க முடிந்தது என்ற கேள்வியை விட்டுவிட முடியாது. வண்டியைப் போலவே அந்த வேலியைத் தாண்டிச் சென்றவை இயக்கங்களின் படிப்பகங்கள். கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் சங்கம் வேரூன்றிய ஊர்களில், எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் ‘ஜனசக்தி’யைப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். திராவிட இயக்கப் படிப்பகங்களில் ‘விடுதலை’யும் ‘திராவிட நாடு’ம் அப்படியே படிக்கப்பட்டன. அங்கேயும் யாரும் மதிப்புரை சொல்லி அனுப்பவில்லை. உட்கார், இப்போது படித்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் அழைத்தார்கள்.

1948இல், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாகச் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரி வசூலாயிற்று. கிளை நூலகங்கள் ஊருக்கு ஊர் திறந்தன. நூலகர் மேசையில் தெருப் பெயர் கேட்கப்படவில்லை; உறுப்பினர் அட்டை இருந்தால் போதும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டு, முன்பின் தெரியாதவர்களையும் ஒரு வரிசையில் நிறுத்தியது. ஊதா மை முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால் புத்தகம் ஓடுகிறது என்று பொருள். சீட்டின் மேல் சீட்டு ஒட்டித் தடித்துப் போயிருந்தால், அதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டியதில்லை.

அடுத்த வாரம் வரை

‘பொன்னியின் செல்வன்’ அந்தக் காலகட்டத்தின் கதை. 1950 அக்டோபர் 29 தேதியிட்ட ‘கல்கி’ இதழில் தொடங்கி 1954 மே மாதம் வரை, மூன்றரை ஆண்டு, வாரந்தோறும் வந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். இதழின் விற்பனை அப்போது 70,000 பிரதிகளைத் தாண்டியது என்பார்கள். ஒரு பிரதி எத்தனை பேர் கைக்குப் போனது என்பதற்குக் கணக்கில்லை.

தொடர்கதையின் விசித்திரம் இதுதான்: அதைப் படித்து முடித்தவர் உலகத்தில் யாருமே இல்லை. எழுதுகிறவரும் முடித்திருக்கவில்லை. மாயவரத்துக்கு அருகே புத்தமங்கலத்தில் பிறந்த கல்கியும், ஓவியர் மணியமும், இதழைப் பிரித்துப் பார்க்கும் திருத்துறைப்பூண்டிப் பள்ளி மாணவனும் ஒரே வாரத்தில்தான் நின்றார்கள். ஆகவே இந்த நாவல் நன்றாக இருக்கிறது, முடிவு அருமை என்று எவரும் எவருக்கும் சொல்ல முடியாது. நந்தினி யார் என்று நினைக்கிறாய் என்றுதான் கேட்க முடியும். அப்படிக் கேட்கப்பட்டவர், கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவாவது பழைய இதழ்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பழைய இதழ்களைத் தேடும் தேவைதான் தமிழ் வீடுகளின் அந்தத் தனிப் பொருளை உண்டாக்கியது: பைண்டு. வாரம் தவறாமல் தொடரின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்தோ அச்சகத்தில் கொடுத்து அட்டை போட்டோ வைத்த தொகுப்பு. ஒரு பக்கத்தில் மணியம் வரைந்த குந்தவையும் வானதியும். மறுபக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட தலைவலித் தைல விளம்பரம். எங்காவது ஒரு வாரம் தொலைந்திருக்கும்; இதழ் அளவுக்கு வெட்டிய வெள்ளைத்தாளில் யாரோ கதைச் சுருக்கத்தைக் கையால் எழுதி வைத்திருப்பார்கள். இந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் பெண்கள். நூலகத்துக்குப் போய்வர வசதியில்லாத வீட்டுப் பெண்களுக்கு, கைமாறி வரும் பைண்டுதான் நூலகமாக இருந்தது. திருப்பித் தரும்போது வெறும் பாத்திரத்தைத் தருவதில்லை என்ற வழக்கப்படி, இன்னொரு பைண்டு கூட வரும்.

இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றின் முதல் அத்தியாயத்துக்குத் தலைப்பு ‘பூங்குழலி’. அடுத்தது ‘சேற்றுப் பள்ளம்’. பழுவேட்டரையர் கோட்டைகளிலும் பழையாறை அரண்மனையிலும் சுற்றிக்கொண்டிருந்த கதை அங்கே கடலைப் பார்க்கிறது. தஞ்சை மண்ணில் நெல்வயல் முடிந்து உப்பும் சதுப்பும் தொடங்கும் முனையில் கதையின் காற்றும் மாறுகிறது. வேதாரண்யத்தை ராஜாஜியின் 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தால் மட்டுமே அறிந்திருந்த வெளியூர் வாசகர்களுக்கு, அதன் தென்கோடி இந்த அத்தியாயங்களால்தான் ஊராயிற்று.

1954இல் தொடர் முடிந்தபோது வாசகர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னார் என்ன ஆனார், இன்னாருக்கு யாரோடு திருமணம் நடந்தது என்று கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, கதைமாந்தர்களின் பிற்கால வாழ்க்கையை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றரை ஆண்டு கூடப் படித்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது.

1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் நான்சி பெர்ல் என்ற நூலகர், ஊரே ஒரே நாவலைப் படித்தால் என்ன என்று கேட்டு ரஸல் பேங்க்ஸின் நாவலொன்றைத் தேர்ந்தெடுத்தார். அது பல நகரங்களுக்குப் பரவி ஓர் இயக்கமாயிற்று. அங்கே அதற்குத் திட்டமும் நிதியும் கூட்டங்களும் வேண்டியிருந்தன. இங்கே அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டிய நிலையே அந்த வேலையைச் செய்துவிட்டது.

பட்டியல் போட்டவர்

படித்து முடித்துவிட்டுச் சொன்ன ஒருவரும் இதே படுகையில் இருந்தார். வலங்கைமானில் 1912இல் பிறந்த க.நா. சுப்ரமண்யம். ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற தலைப்பிலேயே அவர் நூல் அறிமுகங்கள் எழுதினார். தமிழில் நல்ல நாவல்கள் இவை, நல்ல சிறுகதைக்காரர்கள் இவர்கள் என்று திரும்பத் திரும்பப் பட்டியல் போட்டார். பெயர் விடுபட்டவர்கள் கொதித்தார்கள். காரணம் சொல்லாமல் பட்டியல் மட்டும் போடுவது விமர்சனமா என்று கேட்டார்கள். க.நா.சு. அசரவில்லை, சில மாதம் கழித்து இன்னொரு பட்டியல் வரும்.

இந்தச் சண்டையில் மறைந்துபோவது அவருடைய உடலுழைப்பு. தனக்குப் பிடித்த உலக நாவல்களைப் பெயர் சொல்லி விட்டுவிடாமல் அவரே உட்கார்ந்து தமிழாக்கினார். நட் ஹாம்சனின் நாவல் ‘நிலவள’மாயிற்று. செல்மா லாகர்லெவ்வின் நாவல் ‘மதகுரு’வாயிற்று. பேர் லாகர்குவிஸ்ட்டின் ‘பாரபாஸ்’, ‘அன்பு வழி’ என்ற பெயரில் வந்து, கடையில் கிடைக்காத காலத்திலும் எழுத்தாளர்களுக்கிடையே கைமாறிக்கொண்டே இருந்தது. தமிழிலிருந்து வெளியே சொல்ல வேண்டியிருந்தபோதும் இதே வழிதான்: நீல. பத்மநாபனின் ‘தலைமுறைக’ளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பாளர் ஒரு நூலுக்குள் மாதக்கணக்கில் குடியிருக்கிறார். ஒவ்வொரு வரியிலும் அவர் இன்னும் படித்துக்கொண்டிருப்பவர். க.நா.சு.வின் பட்டியல்கள் விவாதத்தைக் கிளப்பின, மொழிபெயர்ப்புகளோ வாசகர்களை உண்டாக்கின. அவர் எழுதியதில் எது நிலைத்தது என்று இன்று பார்த்தால் இந்த வேறுபாடு தெரியும்.

மூன்றாம் பாகம் வெளியே

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு ‘பொன்னியின் செல்வ’னைப் பல பதிப்பகங்கள் அச்சிட்டன, பேருந்து நிலையக் கடைகளிலும் கிடைத்தது. ‘கல்கி’ இதழே இந்த நாவலைப் பலமுறை மறுபடி தொடராக வெளியிட்டது. 2022 செப்டம்பர் 30 அன்றும் 2023 ஏப்ரல் 28 அன்றும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தபோது ஒரு புதிய தலைமுறை புத்தகத்தை எடுத்தது. அட்டையையும் காபிக் கோப்பையையும் சேர்த்துப் படமெடுத்து, இப்போது இதைத்தான் படிக்கிறேன் என்று கைப்பேசியில் போட்டார்கள். அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. முடிக்காத புத்தகத்தைக் காட்டும் அந்த அவசரம் பழையதுதான். ஒரே குறை, படம் மட்டும் போகிறது, புத்தகம் போவதில்லை.

புத்தகத்தைக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாடு பொது நூலகத் துறை 2022இல் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில், நூலகத்துக்கு வர இயலாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் நூல்களை எடுத்துச் செல்கிறார்கள். மேலவாசல் வண்டிக்கு இப்போது மாடு இல்லை, அவ்வளவுதான்.

கிளை நூலகங்களில் இன்றும் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் ஒன்றாக அலமாரியில் நிற்பதைக் காண்பது கடினம். முதல் பாகம் இருக்கும். நான்காவதும் ஐந்தாவதும் இருக்கும். நடுவில் ஒன்று வெளியே போயிருக்கும். சிற்றூரில் அது யாரிடம் இருக்கிறது என்று நூலகருக்குத் தெரியும். அவர் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும்.

கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 ஆழிப்பேரலையில் போய்விட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் காட்டைப் புரட்டிப் போட்டது. குழகர் கோயில் நிழலில் உட்காரும் வெளியூர்க் குடும்பங்களில் யாராவது ஒருவர், இங்கேதான் அவள் வந்தியத்தேவனைச் சேற்றிலிருந்து இழுத்தாள் என்று தொடங்குவார். கூட வந்தவரில் இளையவர் காதைப் பொத்திக்கொள்வார். “இதுக்கு மேல சொல்லாதீங்க சித்தி, நான் இன்னும் முதல் பாகமே முடிக்கல.”